சீட்டு கிளம்பறான்

எல்லோரும் சௌக்கியம்தானே? மூட்டுவலி, முதுகுவலி எல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறதா? நல்லது, உட்காருங்கள்.

"ஆமா, முடிவு பண்ணிட்டேன். அவங்க எப்போ வரச் சொல்றாங்களோ, அப்போ கிளம்பிடுவேன். இங்க யார்கிட்டயும் இன்னும் மூச்சு விடலை."

டீம் லீடர் அக்காவின் கையிலிருந்த டீ வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவள் நாற்காலிக்குப் பின்னால், ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தவன் சீட்டு. எப்போதும் போன் வந்தால் படிக்கட்டுக்கு ஓடிப்போய்க் குசுகுசுக்கிறவன், இன்று ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினான்.

புது வேலை கிடைத்த துணிச்சல் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

பஸ் டிக்கெட் பதிவு செய்கிற சாஃப்ட்வேர் அவர்களுடையது. யாருக்கு எந்த சீட் என்று ஒதுக்கும் பகுதியை எழுதியவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அதன் உள்ளே என்ன நடக்கிறதென்று அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். மாதக் கடைசியில் புது வெர்ஷன் வெளியே போக வேண்டும். நடுவில் இவன் கழன்றுகொண்டால் டீமே அந்தரத்தில் தொங்கும்.

இத்தனைக்கும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்று பேசுகிற மீட்டிங்கில், "இது எனக்கு மட்டும்தான் தெரியும்க்கா, ரிஸ்க்கு" என்று அவனே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். அக்காவும் "பார்த்துக்கலாம்ப்பா" என்று சொல்லி, பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

மறுநாள் மீட்டிங்கில் அக்கா ஒன்றுமே தெரியாத முகத்தோடு ஆரம்பித்தாள்.

"இன்னையிலேர்ந்து யாரும் தனியா வேலை பார்க்கக் கூடாது. ரெண்டு ரெண்டு பேரா உட்காரணும், ஜோடி தினமும் மாறும். முதல்ல சீட்டு பக்கத்துல சந்தேகம் உட்காரட்டும்."

சந்தேகம் என்பது டெஸ்டிங் பார்க்கும் பெண். எதையும் நம்பாததால் வந்த பட்டம். "திடீர்னு ஏன்க்கா?" என்று பெயரைக் காப்பாற்றினாள்.

"சும்மாதாண்டி. எல்லாருக்கும் எல்லாம் தெரியட்டுமே."

ஜோடி மாற மாற, சீட்டு வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொடுத்தான். எந்த மூலையில் என்ன இடக்கு இருக்கிறதென்பதைக்கூட ஒளிக்கவில்லை. போகிற மகராசனுக்கு என்ன குஷி பாரு என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது.

வெர்ஷன் வெளியே போகவேண்டிய நாளும் வந்தது. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சந்தேகம் அலறினாள்.

"அக்கா! ஒரே சீட்டை ரெண்டு பேருக்குக் குடுக்குது! ஒருத்தர் மடியில ஒருத்தர்தான் உட்காரணும்!"

அக்கா சட்டென்று சீட்டு பக்கம் திரும்பினாள். அவனோ கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். "அவங்களே பார்க்கட்டும்க்கா."

சந்தேகமும் அன்றைய ஜோடியும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவின் டீ ஆறுவதற்குள் கோளாறு சரியாகி, சாயங்காலம் வெர்ஷன் ஜம்மென்று வெளியே போயிற்று.

அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. இனி இவன் தாராளமாகப் போகலாம்! நினைத்து முடிப்பதற்குள் சீட்டே தலையைச் சொறிந்துகொண்டு எதிரே வந்து நின்றான்.

"தெரியும்ப்பா, சொல்லு. எந்தக் கம்பெனி?"

"கம்பெனியா? ரெண்டு வாரம் லீவு வேணும்க்கா. வீட்டுல பிரசவ நேரம். இந்தத் தடவையாவது போனை அணைச்சுட்டு பக்கத்துல இருக்கேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். கல்யாணத்தன்னைக்கே லேப்டாப்பும் கையுமா உட்கார்ந்தவன்தானேன்னு அவ இன்னும் குத்திக்காட்டறா."

"லீவுதானா? வேலையை விடலையா நீ?"

"நான் ஏன்க்கா விடறேன்?"

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "அப்போ அன்னைக்கு ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, கிளம்பப் போறேன்னு யார்கிட்டப்பா சொன்னே?"

"உங்ககிட்டதான்க்கா."