வரைபடத்தில் ஒரு புள்ளி

“நெத்தியில என்ன சார் கட்டு?” என்று கேட்டாள் தண்டோரா.

“படியில வழுக்கிட்டேன்,” என்றார் முசுடு. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இரண்டுமே குழுவில் வைத்த பெயர்கள். விடுதி நடத்துகிறவர்களுக்காக இந்தக் குழு ஒரு கட்டற்ற மென்பொருள் வைத்திருந்தது. யாரும் காசு கொடுக்க வேண்டாம். எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பிரித்தும் பார்க்கலாம். அதை எழுதுகிறவர் முசுடு. ஊரெல்லாம் போய்ச் சொல்கிறவள் தண்டோரா. வார நாட்களில் அவர் குடிநீர் அலுவலகத்தில் கணக்கர், அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக மாடியில் கூடி, சம்பளமே இல்லாமல் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

அன்றைய சண்டை, மறுநாள் விடுமுறையில் நடக்கவிருந்த மென்பொருள் கண்காட்சியைப் பற்றியது.

“ஸ்டால்ல நீங்க கொஞ்ச நேரமாவது நிக்கணும் சார்.”

“எனக்கு அதெல்லாம் வராது. ஆளை விடுங்க.”

“சரி, நானே பார்த்துக்கறேன். பெரிய திரையில நம்ம வரைபடத்தைப் போட்டுடலாம்.”

வரைபடம் அவளுடைய செல்லப் பிள்ளை. மென்பொருளை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடித் தேடிப் புள்ளி வைத்து, பெயரும் போட்டு, போன வாரம்தான் தளத்தில் ஏற்றியிருந்தாள். ஏற்றிய கையோடு ஒவ்வொரு பெயரையும் சொல்லி ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பினாள். பெரிய கம்பெனிகள் விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டுவார்கள். இவர்களிடம் இருப்பது இந்தப் புள்ளிகள்தான்.

“வரைபடம் வேண்டாம்,” என்றார் முசுடு.

“ஏன் சார்?”

“வேண்டாம்னா வேண்டாம்.”

பையை எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டார்.

“பார்த்தீங்களா அண்ணா?” தண்டோரா குழுவின் ஒருங்கிணைப்பாளரிடம் திரும்பினாள். “அவரும் வந்து நிக்க மாட்டார், நிக்கறவளையும் நிம்மதியா விட மாட்டார். பேர் எனக்கு வந்துடும்னு வயித்தெரிச்சல். வேறென்ன?”

ஒருங்கிணைப்பாளர் பட்டும் படாமல் சிரித்தார்.

அவள் போன் அடித்தது. பெண்கள் காப்பகம் ஒன்றை நடத்தும் அம்மாள். அங்கே மென்பொருளைப் போட்டுக் கொடுத்தது தண்டோராதான்.

“எங்க இடத்தை இன்டர்நெட்ல போட்டிருக்கியாம்மா?”

“ஆமா மேடம். நாளைக்குப் பெரிய திரையிலேயே காட்டப்போறோம்.”

“அடிக்குப் பயந்து ஓடி வந்தவங்க இங்க இருக்காங்கம்மா. அதனாலதான் வாசல்ல பெயர்ப் பலகைகூட வைக்கலை. நீ பார்த்தியே.”

பார்த்திருந்தாள். பெயிண்ட் அடிக்கக் கழற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.



“முந்தாநாள் ஒருத்தன் மச்சினிக்குப் போன் போட்டு, ‘உங்க அக்கா இருக்கற இடம் தெரிஞ்சுபோச்சு, சாயங்காலம் போறேன்’னு சொல்லியிருக்கான். அவ உடனே எங்களுக்குச் சொன்னா. கதவுக்குப் பின்னால மேசையெல்லாம் நகர்த்திப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பொண்ணு குழந்தை வாயைப் பொத்திக்கிட்டு குளியலறையில ஒளிஞ்சிருந்தா. உனக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாளே, அவதான்.”

“வந்தானா மேடம்?”

“வரலை. வீடு மாறி வேற எங்கயோ புகுந்து, ‘எங்கடா அவ’ன்னு அந்த வீட்டு ஆளைப் போட்டு அடிச்சிருக்கான். அங்கேயே பிடிச்சுட்டாங்க, இப்ப உள்ள இருக்கான். உங்க வரைபடத்தைப் பார்த்துத்தான் கிளம்பினானாம், போலீஸ்ல இப்பதான் சொன்னாங்க. அவன் ஒருத்தன்தானா? இங்க இருக்கற ஒவ்வொருத்தியையும் ஒருத்தன் தேடிக்கிட்டிருக்கான். எடுத்துடும்மா.”

“இதோ, இப்பவே மேடம்.”

மடிக்கணினியைத் திறந்தாள். பதற்றத்தில் கடவுச்சொல் தப்பாகப் போனது. மறுபடியும் அடித்தாள். நூலகத்து இணையம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் இன்னும் எவன் எவனோ அதே பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அழுகை வந்தது.

வரைபடம் திறந்தது. காப்பகத்தின் பெயரைத் தொட்டாள்.

புள்ளி காப்பகத் தெருவில் இல்லை.

“அண்ணா, நான் சரியாத்தான் வச்சேன். யாரோ மாத்தியிருக்காங்க.”

கட்டற்ற மென்பொருள் குழுவில் எதையும் மறைக்க முடியாது. யார், எப்போது, எதை மாற்றினாலும் பதிவாகியிருக்கும். ஒருங்கிணைப்பாளர் குனிந்து பார்த்தார். அவள் ஏற்றிய அன்றே, ஏற்றிய சற்று நேரத்திலேயே மாற்றியிருந்தது முசுடு. காரணம் என்ற இடத்தில் ‘முகவரி திருத்தம்’ என்று மட்டும் இருந்தது.

“அழிச்சே இருக்கலாமே அண்ணா?”

“அந்தக் காப்பகம் நம்மகிட்ட இருக்குன்னு நீ ஊருக்கெல்லாம் சொல்லிட்டே. புள்ளி இல்லைன்னா வேற எங்கயாவது தேடுவாங்க. ஒரு இடம் கிடைச்சுட்டா தேடறதை நிறுத்திடுவாங்க. அப்படி நினைச்சிருப்பார்,” என்றார் ஒருங்கிணைப்பாளர். பிறகு அவர் முகமும் மாறியது. “அதுக்காக யார் தலையில கொண்டுபோய்க் கட்டினாரு? அடி வாங்கினது யாரோ பாவம். அது யார் வீடுன்னு பாரு.”

தண்டோரா படத்தைப் பெரிதாக்கினாள். தண்ணீர்த் தொட்டி, திருப்பம், அதை ஒட்டி நீலக் கேட் போட்ட வீடு.

அந்தக் கேட்டை அவளுக்குத் தெரியும். போன மாதம் குழுவின் டி-ஷர்ட்டைக் கொடுக்கப் போனபோது, உள்ளே வா என்றுகூடச் சொல்லாமல் அங்கேயே வாங்கிக்கொண்டு அனுப்பினார் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

“யார் வீடும்மா?” என்று மறுபடி கேட்டார் ஒருங்கிணைப்பாளர்.

“அவர் படியில வழுக்கலை அண்ணா,” என்றாள் தண்டோரா.