வரிசையில் மூணாவது ஆள்

“அந்த போனை அணைச்சுத்தான் வையேன்டா! நிக்காஹ் முடிஞ்சதும் எடுத்துக்கலாம்” என்றாள் அஜீசுன்னிசா.

“அணைச்சா வேலை பூடும்மா” என்றான் அவள் மகன் காலித்.

காலித் ஒரு தனியார் விமானக் கம்பெனியில் துணை விமானி. தங்கை நவ்ரீனுக்கு இன்று நிக்காஹ். கம்பெனியோ சொல்லி வைத்தாற்போல இன்றைக்குப் பார்த்து அவனை ரிசர்வில் போட்டிருந்தது. எந்த விமானியாவது உடம்புக்கு முடியவில்லை என்று படுத்தால், அவனுக்குப் பதிலாக இவன் ஓட வேண்டும்.

அத்தா இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தான் பொறுப்பாளி. அவன் சபையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சம்மதம் சொல்ல வேண்டும். வேறு ஆளை வைத்து முடிக்க மார்க்கத்தில் வழி உண்டு. அஜீசுன்னிசாவின் மனசில்தான் இல்லை. விடியற்காலைத் தொழுகையிலேயே, ‘எல்லா விமானிகளுக்கும் சுகத்தைக் குடு ரப்பே’ என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

“ஹார்பர்ல நாங்களும் ரிசர்வ்ல இருந்தவங்கதான்” என்று ஆரம்பித்தார் அவள் தம்பி தாவூது. “காலீல போயி நிப்போம். பேரைக் கூப்ட்டா கப்பலு. கூப்புடலேன்னா வந்து நின்னதுக்குக் காசை வாங்கினு வூட்டுக்கு வந்து தூங்குவோம். உங்க ரூலு இன்னாடா, வூட்லயும் இருக்கணும், இல்லாமயும் இருக்கணும்ன்ற மாரி கீது?”

“பழைய கம்பெனில முந்தின நாளே சொல்லிடுவாங்க மாமு. ஆனா மாசம் பூரா ஊரை வுட்டு நவுர முடியாது. இங்க கூப்ட்டா ஒன்றரை மணி நேரத்துல ஏர்போர்ட்ல நிக்கணும். அதுக்குப் பதிலா மத்தியானத்தோட வுட்ருவாங்க.”

“ராயபுரத்துலேர்ந்து மீனம்பாக்கத்துக்கா? அந்தக் கண்டெய்னர் லாரிங்கள தாண்டவே ஒரு நாளு ஆவுமேடா!”

“பேஜாராவாதீங்க மாமு” என்றான் தீனா.

தீனாவும் அதே கம்பெனியில் விமானம் ஓட்டுகிறவன். வியாசர்பாடிக்காரன். காலையிலேயே வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிரியாணி தேக்சா பக்கத்தில் நின்று விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“ரிசர்வ்ல ஒரு வரிசை கீது. காலித் மூணாவது ஆளு. மொத ரெண்டு பேரைக் கூப்ட்டப்புறந்தான் இவன். ஒரே நாள்ல மூணு பேரு படுத்துடுவாங்களா? ம்மா, நீ தைரியமா போய்ப் பொண்ணை ரெடி பண்ணு.”

அஜீசுன்னிசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நவ்ரீனின் தலையில் பூவை வைத்து நிமிர்ந்தபோதுதான் வாசலில் அந்த போன் அடித்தது.

“நான் மூணாவது ஆளாச்சே, சார்?” என்றான் காலித். கேட்டான். அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். போனை வைத்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“இந்த மாசத்துலேர்ந்து ரூலு மாறிடுச்சாம். கம்மியா ஓட்னவன்தான் இனிமே மொத ஆளாம். கல்யாண வேலைக்குன்னு பத்து நாள் லீவு போட்டேன் இல்ல? அதான் நான் மொத ஆளு.”

அஜீசுன்னிசா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திருவொற்றியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து குளிர்ந்த ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தார்கள். நிக்காஹ் ஓதவேண்டிய ஹஜ்ரத்தான் இன்னும் வரவில்லை. அவர் வண்ணாரப்பேட்டையில் இன்னொரு கல்யாணத்தில் இருந்தார்.

கையிலிருந்த விறகைப் போட்டான் தீனா. கரிக் கையோடு பைக்கை உதைத்துக் கிளப்பினான். எந்தச் சந்தில் புகுந்தானோ, எந்த லாரிக்கு நடுவில் நுழைந்தானோ, ஹஜ்ரத்தைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்து நின்றான். அவர் இறங்கும்போது ஒரு கையில் தொப்பியையும் இன்னொரு கையில் உயிரையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“கூடப் பொறந்தவன்கூட இந்த ஓட்டம் ஓட மாட்டான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அஜீசுன்னிசா.

வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாக, சீருடையிலேயே சபையில் உட்கார்ந்தான் காலித். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சம்மதம் சொன்னான். உள்ளே திரைக்குப் பின்னால் நவ்ரீன் அழுதுகொண்டே சிரித்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? அஜீசுன்னிசாவுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

முதல் பந்திக்கு ஆட்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தார் தாவூது. காலித் காரில் ஏறும்போது, அஜீசுன்னிசா ஜன்னலோரம் குனிந்தாள். நல்லபடியாக முடிந்துவிட்டதில், முகம் தெரியாத அந்த நோயாளி மீது அவளுக்கு இரக்கம் பொங்கியது.

“பாவம், அந்தப் புள்ளைக்கு இன்னாடா ஒடம்புக்கு?”

“வயித்தாலப் போவுதாம். படுக்கையை வுட்டு எந்திரிக்கவே முடியலியாம்.”

“யா அல்லா! யாரு பெத்த புள்ளயோ. வூடு எங்கன்னு கேட்டு வையி, கஞ்சி காய்ச்சிக் குடுத்தனுப்பறேன்.”

“அவனுக்குக் கஞ்சி எறங்காதும்மா” என்ற காலித், பந்தியின் கடைசியில் தலையைத் தூக்காமல் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த தீனாவைக் காட்டினான்.