ஆளுக்கொரு படம்

தியேட்டருக்குள் நுழைந்ததும் இரண்டு காதிலும் ஒலிப் பொத்தான் மாட்டிக்கொள்வோம். திரையில் ஓடுவது ஒரே படம்தான். கதையும் வசனமும் பாட்டும் அவரவர் ரசனைப்படி காதில் விழும். எந்தப் படமானாலும் எனக்குக் கதாநாயகி வக்கீல். பக்கத்து சீட்டில் என் கணவர் ஆவுடையப்பனுக்கு அவளே பேய். நான் அழும்போது அவர் பயந்துகொண்டிருப்பார். படம் முடிந்தால் எங்களுக்குள் பேச என்ன இருக்கும்? கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டுதான் வீடு திரும்புகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை படம் கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. காதில் சத்தமே இல்லை. எல்லோரும் பொத்தானைத் தட்டிப் பார்த்தோம். பின்வரிசையில் விசில் பறந்தது.

"ஏ ஆபரேட்டர், சவுண்டப் போடுய்யா!"

திரையில் எழுத்து வந்தது: 'அந்தக்கால ஊமைப்படங்களுக்கு எங்கள் வணக்கம். காதுகளுக்கு இன்று விடுமுறை.'

காசு போச்சே என்று திட்டிக்கொண்டே பொத்தானைக் கழற்றினேன்.

மீசைக்காரன் ஒருவன் காதலிக்குக் கொடுக்கப் பூங்கொத்தோடு ஓடிவந்தான். வழியில் ஓர் ஆடு அதைத் தின்றுவிட்டது. கொஞ்சம் யோசித்தவன், ஆட்டையே தூக்கி அவளிடம் நீட்டினான். தியேட்டரே குலுங்கியது. நானும் அவரும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தோம்.

பஸ்ஸில், "ஆட்டோட மூஞ்சியப் பாத்தியா?" என்று ஆரம்பித்தவர் வீடுவரை நிறுத்தவில்லை.

இந்த ஞாயிறு பழையபடி பேசும் படம். நான் பொத்தானை மாட்டப்போனேன். அவர் கை நீட்டினார்.

"உன்னோடதுல ஒண்ணு எனக்குத் தா. அந்த வக்கீலம்மா என்னதான் பேசுதான்னு கேப்போம்."