உறை பிரிக்காத கையுறைகள்

ஒரு பல்பொருள் கடையின் மேசை இழுப்பறைக்குள் ஒரு ஜோடி கையுறை கிடந்தது. வாங்கி வந்த அன்றே, "போட்டா அழுக்காயிடும்" என்று சொல்லி, மேனேஜர் பிளாஸ்டிக் உறையோடு உள்ளே வைத்துவிட்டார். கடை மூடியதும், அங்கே வேலை பார்க்கும் மேகலா அட்டைப்பெட்டி வெட்டும் கத்தியும் அங்கே வந்து படுக்கும்.

"இன்னைக்கும் மேகலாதான் பெட்டி பிரிச்சாளா?" என்று வலது கையுறை கேட்கும்.

"வேற யாரு?" என்கும் கத்தி.

"அவ கை எப்படிப்பா இருக்கும்?"

"சூடா இருக்கும். உனக்கெதுக்கு அதெல்லாம்? மகாராணி, நீ படுத்துக்கிட்டே இரு."

"ஒரே ஒரு நாள் அந்தக் கை எனக்குள்ள வந்தா போதும்."

ஒரு நாள் கத்தி வந்து படுத்ததும், "அவ உள்ளங்கையில நழுவிட்டேன்" என்றது.

மறுநாள் மேனேஜர் அவசரமாக உறையைக் கிழித்தார்.

"இனிமே இதைப் போட்டுக்கிட்டு வேலை செய்ம்மா."

மேகலாவின் இடது கை சுலபமாக நுழைந்தது. வலது கையில் பெரிய கட்டு. முயன்று பார்த்துவிட்டு, வலது கையுறையை மேசைமேல் வைத்தாள்.

"நீதான் அவகூட இருக்கியே, வலிக்குதான்னு கேளேன்" என்றது அது.

இடது கையுறை கேட்பதற்குள், மேகலா அடுத்த பெட்டியைத் தூக்கப் போய்விட்டாள்.