முள்ளுக்குக் கிழங்கு

சிறுத்தைத் தொல்லை இருந்தபோது, ஆயுதம் வைத்துக்கொள்ளக் காட்டில் எல்லோருக்கும் தற்காலிக உரிமம் கொடுத்திருந்தது யானை ராஜா. சிறுத்தை மலை தாண்டிப் போனதும் உரிமத்தை ரத்து செய்தது. ஆயுதத்தை ஒப்படைப்பவர்களுக்கு இழப்பீடாக ஒரு கூடை கிழங்கு என்றும் அறிவித்தது.

முதல் ஆளாக வந்தது முள்ளம்பன்றி. தானாக உதிர்ந்த முள்ளையெல்லாம் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கூடையோடு போனது. மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது. கிழங்குக் குவியல் தரை தட்டியதும் ராஜாவே நேரில் வந்துவிட்டது.

“எத்தனை தடவைடா ஒப்படைப்பே? முதுகு நிறைய இன்னும் ஆயுதம் நிக்குதே!”

“நான் என்ன பண்ணட்டும் ராஜா? நீங்க குடுக்கிற கிழங்கைத் தின்னா நல்லா வளருது.”

யானையின் காது இரண்டும் விறைத்தன. முள்ளம்பன்றி விடவில்லை.

“அது சரி, உங்க தந்தத்தை எப்போ ஒப்படைக்கப் போறீங்க?”

“இது ஆயுதமா? பல்லுடா!”

“அப்படிப் பார்த்தா என்னுது வெறும் முடிதான் ராஜா.”

“முடிக்கா இவ்வளவு கிழங்கு வாங்கினே? எல்லாத்தையும் திருப்பி வை!”

முள்ளம்பன்றி கூடையை அணைத்துக்கொண்டு முதுகைத் திருப்பியது. முள் அத்தனையும் சிலிர்த்து நின்றது.

“வந்து எடுத்துக்குங்க ராஜா.”