ஐந்து பேருக்கான தொட்டி

கக்கூஸ் டேங்கின் மூடி திறந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது.

அவளுடைய தம்பி பூபதியும் அவன் மனைவி சுகந்தியும் நான்கடி பின்னால் போய்விட்டார்கள். அவள் மட்டும் நகரவில்லை. டேங்க் போட்ட கம்பெனியின் ஆள் என்ன சொல்லப்போகிறானோ என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிட் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்து வர ஆரம்பித்த நாளிலிருந்து சுகந்திக்கு அதே பேச்சு. பயோ டேங்கில் அழுக்கைத் தின்பதற்குக் கிருமி விட்டிருக்கிறார்களாம். ஆசிட் ஊற்றிக் கழுவினால் அது செத்துப்போகுமாம். வாரண்டியும் கிடைக்காதாம்.

இந்த வீட்டில் கக்கூஸ் கழுவுகிறவள் ஒருத்திதான். பிறகு பெயர் வேறு சொல்ல வேண்டுமா?

அவள் சோப்புத்தூளைத் தவிர எதையும் தொட்டதில்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எங்கே போவாள்?

கம்பெனி ஆள் குந்தி உட்கார்ந்து நீளக் கம்பியை உள்ளே விட்டான். தூக்கிப் பார்த்தான். டார்ச் அடித்துப் பார்த்தான்.

"ஆசிட்டெல்லாம் இல்லீங்க. கிருமி நல்லாத்தான் இருக்குது. ஆளு ஜாஸ்தியா இருந்தாத்தான் இப்படித் தாங்காம மேல வரும்."

அப்பாடா!

அவள் சுகந்தியைப் பார்த்தாள். சுகந்தி செம்பருத்திச் செடியைப் பார்த்தாள்.

"இது அஞ்சு பேருக்கான டேங்க். அதுக்கு மேல இருந்தா வாரண்டி செல்லாதுங்க. வீட்ல எத்தன பேருங்க சார்?"

ஆறு பேர். பூபதி, சுகந்தி, இரண்டு பிள்ளைகள், சுகந்தியின் அம்மா. அப்புறம் அவள்.

"அஞ்சே பேருதானுங்க" என்றான் பூபதி.

கண்கூட இமைக்கவில்லை.

கம்பெனி ஆள் அவளைப் பார்த்தான். கையில் துடைப்பம். இடுப்பில் தூக்கிச் செருகிய சேலை.

"இவங்க?"

"சொந்தக்காரங்க. ஊர்ல இருந்து வந்துருக்காங்க. ரெண்டு நாள்ல போயிருவாங்க."

அடப்பாவி!

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. போகட்டும், வாரண்டிக்காகச் சொல்கிறான். புது டேங்க் என்றால் சும்மாவா. முன்வாசல் டைல்ஸையெல்லாம் பெயர்க்க வேண்டும். அவனுக்காக அவள் சொல்லாத பொய்யா. அப்பாவிடம் எத்தனை அடிக்குத் தப்ப வைத்திருக்கிறாள்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். சேலையை இறக்கிவிட்டாள். விருந்தாளி என்றால் விருந்தாளி மாதிரி இருக்க வேண்டாமா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சுகந்தியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

சுகந்தி கொண்டுவந்து கொடுத்தாள். இந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

கம்பெனி ஆள் நல்ல மனிதன்தான். வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேனுங்க சார். அஸ்திவாரம் தோண்டறப்ப அளவெடுக்க வந்தது நான்தானே. எட்டுப் பேருக்கானதாப் போட்டுக்கலாம், பின்னால ஆளு கூடும்னேன். நீங்கதான் கேக்கல. நாங்க நாலு பேரு, மாமியாரு வரப்போறாங்க, அதோட சரி, வேற யாரும் இல்லைன்னுட்டீங்க."

டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள்.

அஸ்திவாரம் தோண்டியபோது.

அப்போது அவள் இருந்தாள். வாடகை வீட்டில் இவர்களோடுதான் இருந்தாள். கொத்தனார்களுக்கு டீ போட்டது அவள். சுவருக்குத் தண்ணீர் விட்டது அவள். இந்த மண்ணே அப்பா விட்டுப்போனது. பாதி அவளுடையது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அந்தப் பாதியைத் தம்பிக்கே கொடுத்தாள். பத்திர ஆபீஸ் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். உனக்கு இல்லாத வீடாக்கா என்றான்.

அதற்குப் பிறகுதான் தோண்டினார்கள்.

மாமியார் அப்போது வந்திருக்கவே இல்லை. வராத மாமியாருக்கு இடம் இருந்தது.

இன்றைக்குச் சொன்னது பொய். அதை அவள் மன்னித்துவிட்டாள். அன்றைக்குச் சொன்னது பொய் இல்லையே. மனசாரச் சொல்லியிருக்கிறான்.

படுபாவி.

அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

கம்பெனி ஆள் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தான்.

"அஞ்சு பேருதான்னா அப்பக் கோளாறு டேங்க்லதான். அப்படியே எழுதிடறேன் சார், கம்பெனியே மாத்திக் குடுத்துரும்." அவள் பக்கம் திரும்பினான். "ஏனுங்கம்மா, நீங்க எப்ப ஊருக்குக் கிளம்பறீங்க?"

பூபதி அவளைப் பார்த்தான். சின்ன வயதில் அடிக்குப் பயந்து அவள் பாவாடைக்குப் பின்னால் ஒளிவானே, அதே பார்வை. அந்தப் பார்வைக்கு அவள் ஒருமுறைகூட இல்லை என்று சொன்னதில்லை.

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு வேற ஊரே கெடையாது தம்பி. வீடு கட்டுனதுல இருந்து இங்கதான் இருக்கறேன். ஆறு பேருன்னு எழுதிக்கங்க."

"அக்கா!"

கத்தியே விட்டான் பூபதி.

பேனா நின்றது. கம்பெனி ஆள் அவளைப் பார்க்கவில்லை. பூபதியைத்தான் பார்த்தான்.

"அக்காவா சார்?"