சப்பைமூக்கு ராணி

ஜவுளிக்கடைகள் விளம்பரத்துக்காகப் பவுன் போலவே அடித்து இனாமாகக் கொடுத்த பித்தளைக் காசுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார் நல்லபெருமாள். ராணியின் முகம் சப்பைமூக்காக விழுந்திருந்த காசு எந்தக் கடையுடையது என்று தெரியாமல் மூன்று வருடம் அலைந்தவருக்கு, அது கடைசியில், காசு தேடிப் போன ஒரு வீட்டில், செண்பகவல்லி என்ற பெண்ணின் தாலிக்கொடியில் கண்ணில் பட்டது. அவள் திருப்பிக் காட்டினாள். கடையின் பெயர் இருக்கவேண்டிய பக்கம் வழவழவென்றிருந்தது. அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"எந்தப் புண்ணியவான்மா இதைத் தேச்சது?"

"நாந்தான். கல்யாணமாகி மூணாம் நாளு, அம்மியில வச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பவுனுன்னு சொல்லி அவுக அம்மா போட்டாக. கடைப் பேரை அவுக வாசிச்சிட்டா?"

உள்ளறையிலிருந்து கணவர் கேட்டார்: "சார், எங்கம்மா போட்ட பவுனைப் பாத்தீயளா?"

செண்பகவல்லி நல்லபெருமாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.